போதும் என்று சொல்லும் பொறுப்பு

2021ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 12ஆம் பக்கல், சாத்தூரை அடுத்த அச்சங்குளத்து வெடியாலையில் நேர்ந்த பெருவெடிப்பு இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. காலையில் தூக்குச்சட்டியில் சோறெடுத்துச் சென்றவர் மாலையில் வீடு திரும்பவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது, ஆய்வுக்குழு அமைத்தது, இறந்தார் குடும்பத்துக்கு 20 இலக்க உருபா வழங்குமாறு ஆணையிட்டது. வழங்கட்டும். ஆயின், இழப்பீடென்பது பிணத்தை எண்ணிய பின்னர்ப் போடும் கணக்கு. பிணம் விழாமற் காக்கும் கணக்கு ஒன்றுண்டு. அதனைப் போடுவார் யார்?

வானூர்தியும் ஏவுகணையும் செய்யும் ஆலைகளில் அக்கணக்குக்கென்றே ஒருவர் அமர்த்தப்பெறுகின்றார். ஆங்கிலத்தில் 'புரொடக்சன் கண்ட்ரோலர்' எனப்பெறும் அவரை நாம் ஆக்க நெறியாளர் எனலாம். எவ்வுறுப்பு, எந்நாளில், எப்பொறியில், எவ்வரிசையில் ஆதல் வேண்டுமென வகுப்பவர் அவரே. முதற்பொருள் வந்ததா, பொறி ஒழிவாயுள்ளதா, ஆளுண்டா எனப் பார்த்தே அவர் பணிச்சீட்டு விடுவார். அச்சீட்டு உறுப்போடு உடன்செல்லும். செய்தவர் கையொப்பமும் ஆய்ந்தவர் கையொப்பமும் அதில் ஏறும். சீட்டில்லா உறுப்பு எத்துணைச் செம்மையாயினும் வானேறாது. பணியை விரைவுபடுத்துவது மட்டுமன்று அவர் வேலை. ஓரிடத்தில் பணி தேங்கின், அதற்கு முந்திய பணியை நிறுத்தி வைப்பதும் அவர் கடமையே.

இந்நிறுத்தமே வெடித்தொழிலுக்கு உயிர்நிலை. கலந்த மருந்து காத்திருக்கலாகாது. ஈரம் பட்டாலும், உராய்ந்தாலும், வெப்பம் ஏறினாலும் அது பொறுக்காது. காலையிற் கலந்ததை அன்றே அடைத்து முடித்தல் வேண்டும். ஆகலின், அடைக்கும் அளவே கலத்தல் வேண்டும். ஓரறையில் நால்வர்க்கு மேலிருத்தல் கூடாதென்றும், மருந்து இன்ன எடைக்கு மேற்படல் ஆகாதென்றும் நெறிமுறைகள் வரம்பிட்டது இதற்கே. வரம்பைக் காக்க ஆளில்லையேல், நெறிமுறை சுவரில் தொங்கும் வெறுந்தாளே.

உரிமம் ஒருவர் பெயரில்; ஆலை வேறொருவர் கையில்; அறைகளோ ஆளுக்கொன்றாய் உள்குத்தகையில். இந்நிலையில் முழு ஆலையின் கணக்கை யார் வைத்திருப்பார்? ஒவ்வொருவனும் தன்னறை வரவையே எண்ணுவான். எண்ணிக்கைக் கூலிக்கு உழைக்கும் ஏழைப் பெண்ணோ, கை நின்றால் அடுப்பும் நிற்குமென அஞ்சி விரைவாள். அச்சங்குளத்து ஆலையும் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததே.

பதவியை மட்டும் படைத்தாற் போதுமா? போதாது. 1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் பக்கல், அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்கலம் எழுவரோடு வானிற் சிதறியது. கடுங்குளிரில் உந்துகலத்தின் இணைப்பு வளையம் இறுகிவிடும், ஏவற்க என்று முன்னாள் இரவே பொறியாளர் தடுத்தனர். மேலாளர் அதனைப் புறந்தள்ளினர். கணக்கறிந்தார் இருந்தும், அவர் சொல்லுக்கு அங்கு ஆற்றலில்லை.

ஆகலின் வேண்டுவன இவை: வெடியாலைதோறும் பயிற்சி பெற்ற ஆக்க நெறியாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். நிறுத்துக என்று அவர் சொன்னால், முதலாளியும் குத்தகையாளரும் அதனை மீறவியலாவாறு சட்டம் துணைநிற்றல் வேண்டும். இன்றைக்கு இத்துணை ஆள், இத்துணை மருந்து என்னும் நாட்சீட்டு, உழைப்பாளர் படித்தறியும் தமிழில் அறைவாயிலில் தொங்குதல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, நிறுத்திய பொழுதுக்கும் கூலி தருதல் வேண்டும். நிறுத்தத்தின் சுமை ஏழை வயிற்றின்மேல் விழுமாயின், எந்நெறியாளர் தடுத்தாலும் வேலை மறைவில் நடந்தே தீரும்.

2019இல் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து நகர்களை இணைத்துப் படைக்கலத் தொழில்தடம் தொடங்கப்பெற்றது. 2024இல் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. நன்று, தமிழன் கை விண்ணுக்கும் கலம் சமைக்கட்டும். ஆனால், விண்ணேறும் கலத்தின் திருகாணி ஒன்றற்கும் சீட்டுண்டு, கணக்குண்டு, பொறுப்பாளர் உண்டு. அத்திருகாணிக்குக் காட்டும் கருத்தை, கந்தகப் பொடி படிந்த விரலால் திரி சொருகும் நம் உடன்பிறந்தாளின் உயிருக்குக் காட்டலாகாதா?

அச்சங்குளம் கேட்பது இரக்கமன்று; கணக்கு.