மூன்று பிள்ளைகளின் தகப்பனும் ‘பேச்சிலரே’!

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் எம்மவர் மத்தியில் வழங்கும் ஒரு சொல் நீண்டகாலமாகவே எம்மை உறுத்திவருகின்றது. ‘பேச்சிலர்’ என்பதே அது. அகராதியில் அதற்கு மணமாகாதவன் என்று பொருள். டுபாயிலும் சார்ஜாவிலும் டோகாவிலுமோ, மனைவி மக்களை ஊரில் விட்டுவந்து தனித்திருப்பவன் என்பதே பொருள். மூன்று பிள்ளைகளின் தகப்பனும் அங்கு ‘பேச்சிலர்’தான். ஒருகாலத்தில் பல்கலைக்கழக மண்டபத்தில் நின்று சொற்களுக்குப் பொருள் விளக்கிய நாம், ஒரு மனிதனின் குடும்பத்தையே இல்லாமற் செய்துவிடும் இத்தகைய சொல்லை வேறெங்கும் கண்டதில்லை.

அவன் எங்கே தலைசாய்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பதும் இச்சொல்லே. டுபாயின் ராஷிதியா, ஜுமைரா போன்ற பகுதிகளில் சுற்றுமதிலுடன் கூடிய ‘வில்லா’ வீடுகளைப் பலகைத் தடுப்புகளால் பிரித்து, பலர் கூட்டாக வாடகைக்கு இருந்தனர். 2008 ஆம் ஆண்டு ‘ஒரு வில்லாவுக்கு ஒரு குடும்பம்’ என்ற நடவடிக்கையை டுபாய் மாநகரசபை தொடங்கியது. தனித்திருந்த ஆண்கள் மட்டுமன்றி, ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழ்ந்த சிறு குடும்பங்களும் வெளியேற நேர்ந்தது. கட்டார், 2010 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் குடும்பக் குடியிருப்புப் பகுதிகளில் தொழிலாளர் விடுதிகளைத் தடைசெய்தது. 2020 இல் சார்ஜாவும் குடும்பப் பகுதிகளிலிருந்து ‘பேச்சிலர்’களை வெளியேற்றியது.

நெரிசலான வீடுகள் ஆபத்தானவை என்பதை நாம் மறுக்கவில்லை. 2008 ஓகஸ்டில் டுபாயின் நைஃப் பகுதியில் அத்தகைய வீடொன்று தீப்பற்றியபோது 11 பேர் மாண்டனர். ஆனால், ஆபத்தை அகற்றுவது வேறு. ஆளை அகற்றுவது வேறு. வாடகையை ஒருவனாற் தாங்கமுடியாது என்பதாலும், மிச்சம்பிடித்து ஊருக்கு அனுப்பவேண்டும் என்பதாலுமே பத்துப்பேர் ஓர் அறையில் படுக்கின்றனர். இக்காரணங்களுக்குப் பரிகாரம் காணாமல் அவர்களைத் துரத்தினால், நெரிசல் அடுத்த தெருவுக்கு இடம்பெயருமேயன்றி ஒழியாது.

அவன் ஏன் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவில்லை என்று கேட்போர் உளர். ஐக்கிய அரபு எமிரேற்சில் 2019 இல் வந்த விதியின்படி, அதற்கு மாதம் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹாம் வருமானம் வேண்டும். கட்டடத் தொழிலாளிக்கு இது எட்டாக்கனி. அதே நாட்டில் 20 இலட்சம் திர்ஹாம் பெறுமதியான வீட்டை வாங்குபவருக்கோ, குடும்பத்துடன் பத்தாண்டு வாழும் உரிமை கிட்டுகின்றது. குடும்பம் என்பது அங்கு உறவின் பெயரா, வருமானத்தின் பெயரா?

குடும்ப இணைவுக் கடிதத்தை எதிர்பார்த்துத் தபாற்பெட்டியைத் திறந்து திறந்து மூடிய எமது வாசகர்களுக்கு இந்த வேதனையை விளக்கத் தேவையில்லை. எமக்காவது கேட்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. வளைகுடாவின் ஆறு நாடுகளுள் எதுவும் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இணையவில்லை. ஒரே போருக்குத் தப்பி ஓடிய இரு சகோதரருள், ஐரோப்பாவை அடைந்தவன் அகதியானான். வளைகுடாவில் இறங்கியவன் வெறும் தொழிலாளியானான்.

கொக்குவிலிலோ கீழக்கரையிலோ அவன் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடு நிற்கின்றது. அவ்வீட்டிற்கு அவன் விடுமுறையில் வந்துபோகும் விருந்தாளி.

தொழிலாளரை அனுப்பி வரும் அந்நியச் செலாவணியை எண்ணிப்பார்க்கும் கொழும்பும் புதுடில்லியும், வளைகுடா அரசுகளுடன் பேசும்போது சம்பளத்தோடு குடும்ப வாழ்வையும் பேசவேண்டும். வருமான நிபந்தனை தளரவேண்டும். மாற்றிடம் காட்டாமல் எவரையும் வெளியேற்றலாகாது. எம்மால் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: அவர்களை ‘பேச்சிலர்’ என்று நாமும் அழைக்காதிருப்போம். அவர்கள் தகப்பன்மார், கணவன்மார். அவர்களுக்கும் குடும்பம் உண்டு.