ராஜேந்திர சோழனுக்கு 10 டாலர்

கங்கை வரை படை நடத்தி, கடல் கடந்து கடாரத்தையும் வென்ற ராஜேந்திர சோழனுக்குக் கம்ப்யூட்டர் உலகம் வைத்த விலை 10 டாலர். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்-2’ விளையாட்டில் அவரது படையெடுப்பை நடத்திப் பார்க்க விரும்புபவர்கள், 2022 ஏப்ரலில் வெளியான ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் தொகுப்பைத் தனியாக வாங்க வேண்டும். அதில் பாபரும் வங்கத்து தேவபாலரும் உண்டு. திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர் என்று மூன்று புதிய நாகரிகங்களும் உண்டு. நியாயமான பேரம். புகார் இதைப் பற்றியதல்ல.

ஒரு காலத்தில் கூடுதல் தொகுப்பு என்றால் கடையில் அட்டைப்பெட்டியில் வரும் இன்னொரு சிடி. 2000-ல் இதே விளையாட்டுக்கு ‘தி கான்கரர்ஸ்’ வந்தது. ஒருமுறை வாங்கினால் கணக்கு முடிந்தது. இன்டர்நெட் வழியே இறக்கிக்கொள்ளும் வசதி வந்த பிறகு கணக்கு முடிவதே இல்லை. 2006-ல் பெதஸ்டா நிறுவனம் குதிரைக்குக் கவசம் செய்து இரண்டரை டாலருக்கு விற்றபோது விளையாட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். இப்போது அவர்கள் மறுபேச்சில்லாமல் அதைப் போல் பத்து மடங்கு கொடுக்கிறார்கள்.

ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். 2013-ல் வந்த ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்-4’ விளையாட்டின் விலை 39.99 டாலர். 2014-ல் வந்த முதல் பெரிய தொகுப்பு 14.99. இந்தியாவை மையமாக வைத்து 2018-ல் வந்த ‘தர்மா’ 19.99. பத்தாண்டு காலம் தொகுப்புக்கு மேல் தொகுப்பு. எல்லாவற்றையும் கூட்டினால் மூல விளையாட்டின் விலையைப் போலப் பல மடங்கு. 2021-ல் ‘லெவியாதன்’ கோளாறுகளோடு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டது. அதே ஆண்டு மாதம் 4.99 டாலருக்குச் சந்தா திட்டமும் வந்தது. வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு வாடகை வீடு!

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. புரோகிராமர்களுக்குப் பல ஆண்டுகள் சம்பளம் கொடுக்க வேண்டும். பணம் கட்டாதவர்களுக்கும் இலவசத் திருத்தங்கள் போய்ச் சேருகின்றன. பாரடாக்ஸ் விளையாட்டுகளில் பலர் சேர்ந்து ஆடும்போது, ஆட்டத்தை நடத்துபவரிடம் தொகுப்பு இருந்தால் போதும்.

ஆனால் புதிதாக அறை கட்டி விற்பது வேறு, இருக்கும் அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை விற்பது வேறு. 2015-ல் இதே யூரோப்பாவில் இலவசத் திருத்தம் ஒன்று மாகாண வளர்ச்சி முறையையே மாற்றியது. ஆனால் மாகாணத்தை ஆட்சிப் புள்ளிகள் செலவிட்டு வளர்க்கும் வழி ‘காமன் சென்ஸ்’ என்ற விலை கொடுத்து வாங்கும் தொகுப்பில் இருந்தது! 2025 பிப்ரவரியில் 69.99 டாலருக்கு வந்த ‘சிவிலைசேஷன்-7’ விளையாட்டில் சோழர்கள் இருந்தார்கள், பிரிட்டன் இல்லை. அடுத்த மாதம் பிரிட்டன் தனி விலைக்கு வந்தது. சோழர்களுக்கு இது பெருமை என்று மகிழலாம். ஆனால் வாங்குபவரின் பர்ஸ் மகிழாது.

பர்ஸை மூடி வைப்பதற்குப் பலன் உண்டு. பிரிட்டனின் கிரியேட்டிவ் அசெம்ப்ளி, ‘டோட்டல் வார்: வார்ஹாமர்’ விளையாட்டுக்கு 2016-ல் குறைந்த விலைக்குத் தலைவர்கள் தொகுப்பு விற்றது. 2023 ஆகஸ்டில் ‘ஷேடோஸ் ஆஃப் சேஞ்ச்’ தொகுப்புக்கு 24.99 டாலர் கேட்டது. வாங்குபவர்கள் கொதித்தார்கள். டிசம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வாங்கியவர்களுக்குக் கூடுதல் சரக்கை இலவசமாகத் தருவதாகவும் அறிவித்தது. அடுத்த ஆண்டு வந்த தொகுப்பில் தலைவர்களைத் தனித்தனியாகவும் வாங்க முடிந்தது.

இதில் உண்மையில் நஷ்டப்படுபவர் பழைய ரசிகர் அல்ல. அவர் ஆண்டுக்கொன்றாக வாங்கிச் சேர்த்துவிட்டார். கைச்செலவுப் பணத்தில் இன்று விளையாட வரும் கல்லூரி மாணவர்தான் வாசலிலேயே நீண்ட பில்லைப் பார்த்துத் திரும்புகிறார். அவருக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: வெளியான அன்றே வாங்காதீர்கள். தள்ளுபடி வரும். கோட்டையை முற்றுகையிட்டுக் காத்திருப்பதும் ஒரு போர் வியூகம்தானே?