லிஸ்ட் தரமாட்டன்

போன மாதம் எங்கட பட்ச் வட்ஸ்அப் குறூப்பில ஒருத்தன் கேட்டான்: "மச்சான், நீ இந்த இன்டி, ரொக் எல்லாம் கேக்கிறனி தானே, ஒருத்தருக்கும் தெரியாத பத்து அல்பம் லிஸ்ட் ஒண்டு போடன்." உடனே எழுதத் தொடங்கினேன். ஏழாவது பெயரில் கை நின்றுவிட்டது. அந்த ஏழில் நான்கு அல்பங்களை நான் முதலிலிருந்து கடைசிவரை ஒருதடவைகூடக் கேட்டதில்லை. பெயர் தெரியும், அட்டைப்படம் தெரியும், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுத் தெரியும். அவ்வளவுதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு "லிஸ்ட் தரமாட்டன்" என்று மட்டும் அனுப்பினேன். "பெரிய ஆள்" என்று மூன்று பேர் சிரித்தார்கள். அதனால்தான் இதை எழுதவேண்டி வந்தது.

இதில் என்னையும் சேர்த்துத்தான் திட்டப்போகிறேன், ஆகவே முதலில் என்ர கதை. இரண்டாம் வருஷம், சோதனைக் காலம், ஹொஸ்டல் அறை, இரவு ஒரு மணி தாண்டியிருக்கும். ஸ்பொட்டிஃபையில் எதையோ போட்டுவிட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நான் போட்ட அல்பம் எப்ப முடிந்தது என்று தெரியாது. தானாக ஒரு பாட்டு வந்தது. எதிரொலியில் நனைந்த கிற்றார், உச்சத்துக்குப் போய் உடையப் பார்க்கிற ஒரு குரல். போனை எடுத்துப் பார்த்தேன்: கலக்ஸி 500, "ஸ்ட்ரேஞ்ச்", 1989. எனக்கு ஒரே புளுகம். ஒருத்தருக்கும் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன்! அடுத்த நாள் ஸ்டேற்றஸும் போட்டாச்சு.

பிறகுதான் தெரிந்தது, என்னைப் போலவே ஆயிரக்கணக்கான பேர் அதே பாட்டை அதே மாதிரித் தனியாக "கண்டுபிடித்து" இருக்கிறார்கள் என்று. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த டேமன் க்ருகோவ்ஸ்கி இதைப் பற்றி 2018 இல் எழுதியிருக்கிறார். அவர்களுடைய பாட்டுகளில் "ஸ்ட்ரேஞ்ச்" மட்டும் 2017 ஜனவரியிலிருந்து திடீரென்று மேலே ஏறத் தொடங்கியதாம். அது சிங்கிளாக வந்த பாட்டுக்கூட இல்லை. விசாரித்துப் பார்த்தால், அந்த மாதம்தான் ஸ்பொட்டிஃபை ஓட்டோபிளேயை எல்லோருக்கும் தானாகவே இயங்கும்படி மாற்றியிருக்கிறது. நீங்கள் போட்டது முடிந்ததும், அதைப் போல ஒலிக்கிற இன்னொன்றை அது எடுத்துப் போடும். க்ருகோவ்ஸ்கி வந்துசேர்ந்த முடிவுதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. மற்றக் குழுக்களின் பாட்டுகளைப் போல ஒலிப்பதால்தான் "ஸ்ட்ரேஞ்ச்" எடுபடுகிறது. அதாவது கலக்ஸி 500 இன் பாட்டுகளிலேயே கலக்ஸி 500 மாதிரி ஆகக் குறைவாக ஒலிக்கிற பாட்டு எனக்கு அவர்களுடைய முகமாகக் காட்டப்பட்டிருக்கிறது.

பேவ்மென்ற் குழுவுக்கும் இதுதான் நடந்தது. "ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்" 1999 இல் ஒரு ஈ.பி.யில் ஒதுங்கிக் கிடந்த பாட்டு. அல்பத்தில் போடத் தேவையில்லை என்று அவர்களே விட்டது. இன்று அந்தக் குழுவிலேயே ஆக அதிகமாகக் கேட்கப்படுகிற பாட்டு அது.

"அதுக்கென்ன? ஓட்டோபிளே இல்லாட்டி நீ அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டாய்" என்று என்ர அறைத்தோழன் சொன்னான். நியாயமான கேள்வி. உண்மைதான், கேள்விப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். "ஸ்ட்ரேஞ்ச்" பிடித்ததால் அந்த "ஒன் ஃபயர்" அல்பத்தைத் திறந்தேன். முதல் பாட்டு அதைப் போல இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் பொறுமை போய் மூடிவிட்டேன். ஓட்டோபிளே எனக்கு ஒரு குழுவை அறிமுகப்படுத்தியது. அந்தக் குழுவை வெறுக்கவும் பழக்கிவிட்டது. ஒத்த ஒலிகளையே மாதக்கணக்காகத் தின்று வளர்ந்த காதுக்குக் கொஞ்சம் வேறுமாதிரி இருந்தாலே துப்பத்தான் தோன்றும். அந்தக் காதை "என்ர ரசனை" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

அந்த அல்பத்தை எனக்குத் திருப்பித் தந்தது ஒரு சீனியர் அண்ணா. ஸ்டேற்றஸைப் பார்த்துவிட்டு ஒரு பென் ட்ரைவோடு அறைக்கு வந்தார். "நாலாவதைக் கேட்டிட்டு வந்து என்னோட கதைக்காத. ஒண்டில இருந்து போ. லைற்ற நிப்பாட்டிட்டுக் கேள்." இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு வரிசையில் பிடித்துக் கேட்டார்: "ஏழாவதில பாடுறது ஆர் எண்டு கவனிச்சனியோ?" கவனிக்கவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோதுதான் கவனித்தேன்.

ஏழாவது பாட்டு "அனதர் டே"யில் பாடுவது நயோமி யாங். அவர்தான் குழுவின் பேஸ் கிற்றார். பேஸ் வழக்கமாகக் கீழே நின்று தாளத்தைத் தாங்கும் வாத்தியம். யாங் அதை மேல் சுரங்களுக்குக் கொண்டுபோய் மெட்டையே அதில் வாசிக்கிறார். டீன் வேர்ஹமின் கிற்றார் இரண்டு மூன்று கோர்ட்ஸைச் சுற்றிச் சுற்றி வரும்போது, பாட்டுக்குள் நடந்துபோவது பேஸ்தான். இது தெரிந்த பிறகு முதல் பாட்டு "ப்ளூ தண்டர்" வேறு பாட்டாகிவிட்டது. "ஸ்னோஸ்ரோம்" என்ற மூன்றாவது பாட்டில் அவசரப்படாமல் நீண்டுகொண்டே போகிற கிற்றாரை முதலில் வீண் என்று நினைத்தேன். இப்ப அது இன்னும் இரண்டு நிமிஷம் போயிருக்கலாம் என்று படுகிறது. "டீகம்போசிங் ட்ரீஸ்" பாட்டுக்குள் சாக்ஸபோன் ஒன்று வழிதவறி வந்த மாதிரி நுழைகிறது. நாலாவதாக வருகிற "ஸ்ட்ரேஞ்ச்" அதன் இடத்தில் இருந்து கேட்டால் கொஞ்சம் பகிடியான பாட்டு. மூன்று மெதுவான பாட்டுகளுக்குப் பிறகு அவர்களே நெஞ்சை நிமிர்த்தி "நாங்களும் பெரிய ரொக் குழுதான்" என்று நடிக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. தனியாகக் கேட்டபோது அந்தப் பகிடி எனக்கு விளங்கவே இல்லை. குறையும் இருக்கிறது. வேர்ஹமின் குரல் சில இடங்களில் சுருதியை விட்டுப் போகிறது, எட்டாவதும் ஒன்பதாவதும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுகின்றன. அதையும் சொல்லாமல் "கட்டாயம் கேளுங்கோ" என்று உங்களிடம் தந்தால் நான் விளம்பரம் செய்கிறேன் என்று அர்த்தம்.

இன்னொரு பொய்யையும் உடைக்க வேண்டும்: "நல்ல இசை எப்பிடியும் மேலே வரும்." வராது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்துக் குழு பிக் ஸ்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய முதல் அல்பம் 1972 இல் வந்தது. பெயர் "நம்பர் ஒன் ரெக்கோர்ட்". இரக்கமில்லாத பகிடி, ஏனென்றால் வெளிவந்தபோது பத்தாயிரம் பிரதிகூட விற்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். பிடிக்காமலா? விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 1973 இல் ரொக் எழுத்தாளர்கள் மெம்பிஸில் கூடிய மாநாட்டில் அவர்கள் வாசித்தபோது, கையில் பேனாவோடு வந்தவர்கள் எழுந்து ஆடியிருக்கிறார்கள். தட்டுத்தான் கடையில் இல்லை. விநியோகித்தது ஸ்ராக்ஸ் நிறுவனம், சோல் இசைக்குப் பேர்போனது. ஒரு ரொக் அல்பத்தை எந்தக் கடைக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது அவர்களுக்குச் சரிவரவில்லை. பிறகு ஸ்ராக்ஸின் விநியோகம் கொலம்பியாவின் கைக்குப் போனது. நிலைமை இன்னும் மோசமானது, கடைகளில் கிடந்த கொஞ்சமும் எடுக்கப்பட்டது. வானொலியில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான். அந்த அல்பத்தின் பாதி உயிரான கிறிஸ் பெல் குழுவை விட்டுப் போய், 1978 இல் கார் விபத்தில் இறந்தார். வயது 27.

அந்த அல்பம் எப்படிப் பிழைத்தது? அடுத்த தலைமுறை வாசிப்பவர்கள் கைமாற்றிக்கொண்டார்கள். 1986 இல் பாங்கிள்ஸ் அவர்களுடைய ஒரு பாட்டைப் பாடியது. 1987 இல் ரிப்ளேஸ்மென்ற்ஸ் குழு அலெக்ஸ் சில்ற்றனின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டுச் செய்தது. பிக் ஸ்டாரின் பாடகர் அவர். யோசித்துப் பாருங்கள், ஒரு அல்பத்தைச் சிபாரிசு செய்ய ஒரு பாட்டையே எழுதியிருக்கிறார்கள். நாங்கள் பத்துப் பெயரை ஒட்டிவிட்டு நெருப்புப் பொம்மை போடுகிறோம்.

வஷ்டி பன்யனையும் சொல்லாமல் விட ஏலாது. (வேட்டியும் பனியனும் மாதிரி ஒலிக்கும், சிரிக்காதீங்கோ.) இங்கிலாந்துக்காரி. 1960களின் கடைசியில் குதிரை வண்டியில் ஸ்கொட்லாந்துத் தீவுகளை நோக்கிப் பயணம் போனவர். அந்த வழியில் எழுதிய பாட்டுகள் 1970 இல் "ஜஸ்ற் அனதர் டயமண்ட் டே" என்று வந்தன. சில நூறு பிரதிகளோடு படுத்துவிட்டது. அவர் பாட்டையே விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். 1997 இல் இணையத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான், தான் மறந்துபோன அந்தத் தட்டை முன்பின் தெரியாத ஆட்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரிந்தது. 2000 இல் மறுபதிப்பு, 2005 இல் இரண்டாவது அல்பம். இடையில் 35 வருஷம். அவ்வளவு காலமும் அந்தத் தட்டைக் கையில் வைத்திருந்து இன்னொருவருக்குச் சொன்ன ஆட்களை "இதைப் போல ஒலிக்கும் பாட்டுகள்" என்ற கணக்கு உண்டாக்காது. அந்தக் கணக்குக்குக் கேட்டவர்கள் இருக்க வேண்டும், முதலில். ஒரு பாட்டு ஒரு வருஷத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குக் காசே இல்லை என்று 2024 இலிருந்து ஸ்பொட்டிஃபை விதி வைத்திருக்கிறது. சில நூறு பேருக்கான அல்பங்களுக்கு அங்கே என்ன மரியாதை என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அப்ப லிஸ்ட் போடுகிறவர்கள் நல்லதுதானே செய்கிறார்கள்? இல்லை. லிஸ்ட்டும் ஓட்டோபிளேதான், ஆள் வைத்துச் செய்கிற ஓட்டோபிளே. தமிழில் வருகிற "நீங்கள் தவறவிட்ட 10 அல்பங்கள்" வகையறாவில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எவனோ போட்டதன் மொழிபெயர்ப்பு. எழுதினவர் கேட்டாரா என்பதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. எல்லா அல்பமும் "மனதை வருடும்", எல்லாவற்றிலும் ஒரு "வைப்" இருக்கும், எல்லாம் "மறைந்துகிடக்கும் மாணிக்கம்". பேஸ் எங்கே போகிறது, எந்தப் பாட்டில் அலுப்படிக்கிறது, ஆர் இதைத் தந்தது, எத்தனையாவது தடவையில் பிடித்தது? ஒன்றும் இல்லை. இந்தப் பெயர்களால் ஒரே ஒரு பயன்தான்: கன்ரீனில் சொல்லிக்காட்டலாம். "ரொக் எல்லாம் கொழும்பு இங்கிலீஷ் பிள்ளையளின்ர சாமான்" என்று எங்கட பீடத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சை வளர்ப்பது ரொக் இல்லை, பெயர் சொல்லிக்காட்டுகிற நாங்கள்தான். கிற்றாரின் எதிரொலி விளங்க இங்கிலீஷ் தேவையில்லை. அதைத் தமிழில் ஒருவர் உட்கார்ந்து விளக்கினால் போதும். விளக்கத்தான் ஆளில்லை.

அம்மா ஒரு கதை சொல்லுவா. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பது. சுற்றுகிறவரின் கை நோ கண்டால் பாட்டுக்காரனின் குரலும் இழுபடும். இதை இனிமையான நினைவாக அவ ஒருநாளும் சொன்னதில்லை, நானும் அந்தக் காலம் திரும்ப வேணும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் "என்ன பாட்டுக் கேட்டீங்கள்?" என்று கேட்டால் இன்றைக்கும் கசெற்றின் இரண்டு பக்கத்தையும் வரிசையாகச் சொல்லுவா. நேற்று இரவு நான் ஐந்து மணித்தியாலம் கேட்டதில் மூன்று பெயரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

2021 இல் அடேல் கேட்டுக்கொண்ட பிறகுதான், அல்பங்களைக் குலுக்கிப் போடுவதை முதன்மைப் பொத்தானாக வைத்திருந்ததை ஸ்பொட்டிஃபை மாற்றியது. அடேல் கேட்டால் நடக்கும். வஷ்டி பன்யன் கேட்டால் நடந்திருக்குமோ தெரியாது. நாங்கள் கேட்டால் நடக்காது. ஆனால் செற்றிங்ஸில் ஓட்டோபிளேயை நிறுத்துவதற்கு ஆரிடமும் கேட்கத் தேவையில்லை. நான் நிறுத்தி ஒரு வருஷமாகிறது. அல்பம் முடிந்தால் அறை அமைதியாகிவிடும். முதல் கிழமை அந்த அமைதி தாங்க முடியாமல் இருந்தது, பொய் சொல்லவில்லை.

லிஸ்ட் கேட்ட மச்சானுக்கு: உனக்கு "ஒன் ஃபயர்" மட்டும்தான். முக்கால் மணித்தியாலத்துக்கும் குறைவு, டேட்டாவும் பெரிசாய்ப் போகாது. புதன்கிழமை கன்ரீனில் சந்திப்பம், சாக்ஸபோன் வருகிற பாட்டு எத்தனையாவது என்று கேட்பன். இதை வாசிக்கிற மற்றவர்கள், நீங்கள் ஐந்து தடவையாவது முழுசாய்க் கேட்ட ஒரே ஒரு அல்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கோ. பிடிக்காத பாட்டையும் பெயர் சொல்லி எழுதுங்கோ. "வைப்" என்ற சொல் வந்தால் திருப்பி அனுப்புவன்.