பெரியவர் சொல்லும் பெரிய எண்ணும்

"பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், நமக்கு ஏன் ஆராய்ச்சி?" என்று கேட்கிறவர்கள் எல்லாத் தேசத்திலும் எல்லாக் காலத்திலும் உண்டு. இவர்களுக்குப் பதில் சொல்ல நாம் எந்தச் சாஸ்திரத்தையும் புரட்ட வேண்டியதில்லை. ஓர் எண்ணே போதும். அது 429,49,67,297.

பிரான்சு தேசத்தில் பெர்மா என்று ஒருவர் இருந்தார். உத்தியோகத்தில் நீதிபதி, கணக்கிலோ மகா மேதாவி. 2-ஐ அதனாலேயே பெருக்கி, வந்ததையும் அதனாலேயே பெருக்கிக்கொண்டு போனால் 2, 4, 16, 256, 65,536 என்று வரும். இவை ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537. இவை ஐந்தும் பகா எண்கள்; அதாவது 1-ஆலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. ஆகவே இந்த வரிசையில் இனி வருவனவெல்லாம் பகா எண்களே என்று 1640-ல் பெர்மா நம்பி எழுதினார். முழு ருஜு தம்மிடம் இல்லையென்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அந்த யோக்கியப் பொறுப்பு அவருக்கு இருந்தது.

ஆறாவதாக வருவதுதான் நாம் மேலே சொன்ன 429 கோடிச் சொச்சம். 1732-ல் ஆய்லர் என்னும் 25 வயது வாலிபர் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டிவிட்டார். சந்தேகமுள்ளவர்கள் 67,00,417-ஐ 641-ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். பெருக்கல் தெரிந்த பள்ளிப் பையனுக்கு இது ஐந்து நிமிஷ வேலை.

641 என்ன, அசரீரி சொல்லியா வந்தது? 64-ஆல் வகுத்தால் 1 மீதி வரும் பகா எண்தான் இந்த எண்ணை வகுக்க முடியும் என்று ஆய்லர் பிற்பாடு காரணத்தோடு நிலைநாட்டினார். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது சோதனையில் கதை முடிந்தது!

நிற்க, ஐந்து தரம் பலித்ததால் ஆறாவது தரமும் பலிக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறோம். அந்த வரிசையில் 65,537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை. முதலில் வந்த ஐந்து சாட்சிகளோடு சரி.

அப்படியானால் ஆய்லரையாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அதுவும் கூடாது. ஓர் எண்ணை ஐந்து தரம் எழுதிப் பெருக்கினால் வருவது அதன் ஐந்தாம் படி. ஓர் ஐந்தாம் படியைப் பெறக் குறைந்தது ஐந்து ஐந்தாம் படிகளைக் கூட்டவேண்டுமென்று அவர் கருதினார். 1966-ல் கம்ப்யூட்டரை வைத்துத் தேடியதில் நான்கே போதுமென்று தெரிந்தது. 27, 84, 110, 133 இவற்றின் ஐந்தாம் படிகளைக் கூட்டினால் 144-ன் ஐந்தாம் படியாகிய 6191,73,64,224 வருகிறது.

இதனால் பெர்மாவுக்காவது ஆய்லருக்காவது மதிப்புக் குறைந்ததா? கணக்கு நூல்தான் அழிந்ததா? இல்லை, அது வளர்ந்தது. கேட்டதனால் கெட்டுப்போன உண்மை ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே தோழர்களே, "வகுத்துப் பார்க்காதே" என்று ஒருவன் சொன்னால், மீதி வந்துவிடுமென்று அவன் பயப்படுகிறான் என்று அறிந்துகொள்ளுங்கள்.