ஒரே சிட்டிங்கில் போகாது பச்சை

டாட்டூ குத்தும் கடைகள் பெருகிய அதே தெருக்களில் இப்போது ‘டாட்டூ நீக்கித் தரப்படும்’ என்ற பலகைகளும் தொங்குகின்றன. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு தேதியை மனதில் வைத்துக்கொண்டே போகிறார்கள். ஒருவருக்கு ராணுவ ஆட்சேர்ப்பு முகாம். இன்னொருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, கையிலோ வேறொருவர் பெயர். மற்றொருவர் கட்சி மாறிவிட்டார், பழைய சின்னம் மட்டும் தோளைவிட்டுப் போக மறுக்கிறது. தேதியோடு வருகிறவரிடம் ‘அதற்குள் முடித்துவிடலாம், ஒன்றிரண்டு சிட்டிங் போதும்’ என்று சொல்லிவிடுவது வியாபாரத்துக்கு வசதி. ஆனால், அது நடக்காத காரியம். லேசர் சிகிச்சையில் வலியும் செலவும் இரண்டாம் பட்சம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் வேகத்தை. அந்த வேகம் உடம்பின் கையில் இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாலும் அதை விரட்ட முடியாது. இதைச் சொல்லாமல் விற்கப்படும் சிகிச்சைதான் ஏமாற்றத்திலும், சில வேளை தழும்பிலும் முடிகிறது.

பச்சை ஏன் ஆயுளுக்கும் நிற்கிறது என்று பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். தோலின் மேலடுக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. மை அங்கே தங்கியிருந்தால் தானாகவே போயிருக்கும். ஊசி அதைத் தாண்டி உள்தோலில் மையை இறக்குகிறது. வேண்டாத பொருள் வந்துவிட்டதென்று உடம்பின் துப்புரவு அணுக்களான மேக்ரோஃபேஜ்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்குகின்றன. விழுங்குகின்றனவே தவிர, அவற்றால் செரிக்கவும் முடிவதில்லை, சுமந்துகொண்டு போகவும் முடிவதில்லை. பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள்: மையை விழுங்கிய அணு செத்துப்போனால், அது சிந்தும் மையை அடுத்து வரும் அணு அதே இடத்தில் மறுபடி விழுங்கிக்கொள்கிறது. காவலாளி மாறுகிறார், கைதி அப்படியே இருக்கிறார்.

நம் பாட்டிமார் கையில் குத்திய கோலமும் தேளும் கடைசிவரை அழியாமல் இருந்ததும் இப்படித்தான். அந்தப் பச்சை உண்மையில் கரி. மஞ்சள்பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, துணியில் வைத்துத் திரியாக உருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுப்பானையில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள் என்று பச்சை குத்தும் குறவர் பெண்களைப் பற்றி இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். கறுப்புக் கரி தோலுக்கு அடியில் போனதும் ஒளி சிதறி நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. பெயரும் அதுவே ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துக் குத்தும் பலவண்ண டாட்டூவைவிடத் திருவிழாக் கூட்டத்தில் குத்திய இந்தக் கரிப்பச்சைதான் லேசருக்குச் சீக்கிரம் வசப்படும்.

லேசரின் வேலை அந்தத் துகளை நொறுக்குவதோடு சரி. அமெரிக்கத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மேன் 1960-களிலேயே ரூபி லேசரைப் பச்சையின் மீது பாய்ச்சிப் பார்த்தவர். சுற்றியுள்ள தோலைச் சுடாமல் மையை மட்டும் அடிப்பதற்கான கணக்கை 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் வகுத்தார்கள்: மை உறிஞ்சிக்கொள்ளும் அலைநீளத்தில் ஒளி வேண்டும், சூடு பக்கத்துக்குப் பரவுவதற்குள் அந்த ஒளி நின்றுவிடவும் வேண்டும். பச்சை நீக்கப் பயன்படும் கியூ-சுவிட்ச்டு லேசரின் ஒரு துடிப்பு சில நானோவினாடிதான். ஒரு வினாடியை நூறு கோடியாகக் கூறுபோட்டால் அதில் சில கூறு. அந்த நேரத்தில் துகள் சூடேறிச் சிதறுகிறது. துடிப்பு விழுந்த இடம் பனி படிந்தாற்போல் வெளுக்கும். உள்ளே எழும் வாயுக்குமிழ்கள் தரும் வெண்மை அது. கால் மணி, அரை மணி நேரத்தில் அடங்கிவிடும், பச்சையும் பழையபடி தெரியும். விளம்பரக் காணொளிகள் பலவும் சரியாக அந்த வெண்மையோடு நின்றுவிடுவது தற்செயலாக இருக்க முடியாது.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உடைந்த துகள்களை அதே துப்புரவு அணுக்களும் நிணநீர் நாளங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிச் செல்ல வேண்டும். குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விடச் சொல்வது அதனால்தான். எட்டு சிட்டிங் என்றால் இடையில் ஏழு இடைவெளிகள். எட்டு வாரம் வீதம் 56 வாரம், ஓராண்டுக்கும் மேல். எட்டோடு முடியுமா என்றால் அதற்கும் உறுதி இல்லை. இத்தாலியில் 352 பேரின் சிகிச்சையை அலசி 2012-ல் வெளிவந்த ஆய்வில், பத்து சிட்டிங்குக்குள் பச்சை நீங்கியவர்கள் 47.2 விழுக்காடு; பதினைந்தில் 74.8 விழுக்காடு. பதினைந்துக்குப் பிறகும் நால்வரில் ஒருவருக்கு மிச்சம் இருந்தது. எட்டு வாரமோ அதற்குக் குறைவாகவோ இடைவெளி விட்டவர்களுக்குப் பலன் குறைந்ததையும் அதே ஆய்வு கண்டது. அவசரப்பட்டால் மிச்சமாவது கொப்புளம்தான். காலிலும் பாதத்திலும் உள்ள பச்சை, பெரிய பச்சை, அடர்ந்த மை ஆகியவை மெதுவாகப் போகின்றன. பத்து சிட்டிங்குக்குள் நீங்கும் வாய்ப்பு புகைபிடிப்பவர்களுக்கு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. சிகரெட்டை விடச் சொல்லி எந்த விளம்பரப் பலகையும் கேட்பதில்லை.

அது இத்தாலியர்களின் கணக்கு. நம் தோலுக்கு இன்னொரு கணக்கைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் லேசரின் கண்ணுக்குத் தோலின் நிறமியான மெலனினும் ஒரு மைதான். கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் ஒளி போதும். மெலனின் அதைக் குறைவாகவே உறிஞ்சுவதால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதுவே பாதுகாப்பானது. சிவப்பு மைக்கோ 532 நானோமீட்டர் வேண்டும். அதை மெலனின் ஆவலோடு உறிஞ்சும். அந்த இடம் வெளுத்துத் திட்டாகலாம், அல்லது கறுத்துப்போகலாம். பல மாதங்களில் சரியாகிவிடுவது உண்டு, நிரந்தரமாகிவிடுவதும் உண்டு. பச்சை, நீல மைகளுக்கு வேறு அலைநீளம். மஞ்சளும் வெள்ளையும் பிடிவாதக்காரர்கள்; வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு லேசர் பட்டதும் கருஞ்சாம்பலாக மாறிவிடவும் கூடும். ஆகவே பொறுப்பான மருத்துவர் நம் நிறத்துக்கு வீரியத்தைக் குறைத்து, ஓர் ஓரத்தில் சோதனைத் துடிப்பு கொடுத்து, சில வாரம் காத்திருந்து பார்த்துவிட்டே தொடங்குவார். சிட்டிங் எண்ணிக்கை அதனால் இன்னும் கூடும். எல்லாம் முடிந்த பிறகும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழைய எழுத்தின் நிழல் தெரியலாம். கெலாய்டு தழும்பு வரும் உடல்வாகு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு சிட்டிங் எப்படி இருக்கும்? மரத்துப்போகும் களிம்பைத் தடவி ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். நோயாளி, மருத்துவர், உதவியாளர் என எல்லோர் கண்ணுக்கும் காப்புக் கண்ணாடி. பிறகு பட் பட்டென்று ரப்பர் பேண்டால் சுண்டினாற்போல, சூடான எண்ணெய் தெறித்தாற்போல. உள்ளங்கை அகலப் பச்சைக்குச் சில நிமிடம்தான். வீடு திரும்பியதும் வீக்கம், ஓரிரு நாளில் கொப்புளம், பிறகு பொருக்கு. பொருக்கை நகத்தால் பெயர்ப்பதுதான் தழும்புக்குக் குறுக்குவழி. வாஸ்லின் தடவி, வெயில் படாமல் மூடி, அது தானாக உதிரும்வரை விட வேண்டும்.

‘இதெல்லாம் பழைய கதை, இப்போது பிக்கோ லேசர் வந்துவிட்டது’ என்பார்கள். வந்துவிட்டது, உண்மைதான். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்தக் கருவியின் துடிப்பு கியூ-சுவிட்ச்டு லேசரின் துடிப்பைவிடப் பல மடங்கு குறுகியது; துகள் இன்னும் பொடியாக உடைகிறது. நீலத்திலும் பச்சையிலும் அதன் மேன்மை தெளிவு. கறுப்பில் விளம்பரம் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. கல்லை ஜல்லியாக உடைப்பதும் மணலாக உடைப்பதும் ஒன்றல்லதான். ஆனாலும் அள்ளிப்போக வருவது அதே வண்டி. சிட்டிங் சில குறையலாம், மாதக்கணக்கு நாள்கணக்கு ஆகிவிடாது.

‘தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்பது மருத்துவர்களின் தொழில் தந்திரம், பார்லரில் பாதி விலைக்கே செய்கிறார்களே’ என்பது இன்னொரு வாதம். இதில் நியாயம் கொஞ்சம் உண்டு. மருத்துவமனைகளின் கட்டணம் எளியவர்களுக்கு எட்டுவதில்லை. ஆனால், பார்லரில் இருப்பது எந்தக் கருவி என்று கேட்க வேண்டும். முடி நீக்கப் பயன்படும் ஐபிஎல் விளக்கின் துடிப்பு மில்லிவினாடிக் கணக்கு. நானோவினாடியோடு ஒப்பிட்டால் அது பத்து லட்சம் மடங்கு அளவிலான வித்தியாசம். அவ்வளவு நேரம் சூடு நின்றால் மையைத் தாண்டித் தோலே வெந்துவிடும். இந்தத் தீக்காயத்துக்குக் கைத்திறமை பதில் ஆகாது, இயற்பியல் அப்படி. தவிர, பச்சைக்குள் மறைந்திருக்கும் மச்சத்தை அடையாளம் காண்பதும், சிவப்பு மையால் ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் மருத்துவப் படிப்பு வேண்டும் காரியங்கள். சுண்ணாம்பு, அமிலம், ‘டாட்டூ ரிமூவல்’ கிரீம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. உள்தோலை எட்டும் அளவுக்கு எரித்தால் தழும்பு, எட்டாவிட்டால் பயனே இல்லை. சிறிய பச்சையை வெட்டித் தைப்பது மட்டும் நேர்மையான மாற்றுவழி. ஒரு கோடாகத் தழும்பு நிற்கும், சீக்கிரம் முடியும்.

‘உடைந்த மை உள்ளே போனால் ஆபத்தில்லையா?’ என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. லேசர் செய்யாதவர்களின் நிணநீர்க் கணுக்களிலும் டாட்டூ மை போய்த் தங்குவதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2017-ல் காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் டாட்டூ மைகளின் ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. குத்தும் நாளில் எழ வேண்டிய கேள்வி அது; அழிக்கும் நாளில்தான் நமக்கு நினைவு வருகிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், ‘ஆறு சிட்டிங் பேக்கேஜ், முழு நீக்கம் உறுதி’ என்று முன்பணம் வாங்குவதை அரசு தடுக்க வேண்டும். நிறம், இடம், மை அடர்த்தி ஆகியவற்றைக் குறித்து, உத்தேசமாக எத்தனை மாதம் ஆகும், எவ்வளவு மிஞ்சலாம் என்று எழுதித் தரும் வழக்கம் வர வேண்டும். எண்ணிக்கையை அடித்துச் சொல்கிற இடத்தைவிட, ‘சோதனைத் துடிப்புக்குப் பிறகு சொல்கிறேன்’ என்கிற இடத்தை நம்பலாம்.

ராணுவ வேலைக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் தவிர மற்ற இடங்களில் நிரந்தரப் பச்சையை ஆட்சேர்ப்பு விதி ஏற்பதில்லை. பழங்குடியினரின் மரபுப் பச்சைக்கு மட்டும் விலக்கு உண்டு. அறிவிப்பு வெளியான பிறகு லேசருக்கு ஓடினால் இரண்டு சிட்டிங்குக்கு மேல் நாள் இருக்காது. தோளில் பச்சை இருந்தால் முகாமுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.