கடல் கடந்த ஆட்டக்காரரும் ஊர் மைதானமும்

உதைபந்தாட்டத்தாற் சீவனம் செய்யப்போகின்றேன் என்று ஒரு மாணவன் வீட்டிற் கூறுவானாயின், தந்தையார் சினப்பார், தாயார் கலங்குவார், ஆசிரியராகிய நாமோ அவனைத் தனியே அழைத்துப் பரீட்சைத் திகதியை நினைப்பூட்டுவோம். அவ்வாறு நினைப்பூட்டுதல் பிழையென்று கூற முன்வந்தோமல்லேம். ஆயின், சனிக்கிழமை மாலையில் அவனது ஆட்டத்தைக் கண்டு கைகொட்டும் நாமே, திங்கட்கிழமை காலையில் அவனைப் பின்வாங்கில் இருத்தி மறந்துவிடுகின்றோம். பிறிதொருகால் அவன் பெயர் பெற்றுவிட்டால், எங்கள் கல்லூரிப் பிள்ளை என்று உரிமை பாராட்டவும் பின்நிற்பதில்லை. இம்மனப்போக்கைச் சற்று ஆராய்வதற்கு ஏற்ற வரலாறொன்று மேற்கு ஆபிரிக்காவில் உளது. லைபீரிய நாட்டு முன்னணி ஆட்டக்காரர் ஜோர்ஜ் வியாவின் வரலாறே அஃதாம்.

வியா 1966ஆம் ஆண்டு ஒற்றோபர் முதலாந் திகதி லைபீரியாவின் தலைநகராகிய மொன்றோவியாவிற் பிறந்தவர். நகரின் சேரிப்பகுதியொன்றில் தந்தைவழிப் பாட்டியாரால் வளர்க்கப்பட்டவர். உயர்தரப் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. தொலைபேசி நிறுவனத்திலே தொழில்நுட்ப வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர்க் கழகங்களுக்கு ஆடினார். பின்னர் அயல்நாடுகளாகிய ஐவரி கோஸ்ற்றிலும் கமரூனிலும் ஆடினார். கமரூனின் தேசிய அணியைப் பயிற்றிய பிரெஞ்சுக்காரர் குளோட் லெ றோய், இவ்விளைஞரைப் பற்றித் தம் நாட்டவராகிய ஆர்சன் வெங்கருக்கு எடுத்துரைத்தார். 1988இல் வெங்கர் பயிற்றிய மொனாக்கோக் கழகத்தில் வியா சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று.

அங்கிருந்து அவர் பெற்ற வெற்றிகளை அடுக்கின் இம்மலரின் பக்கங்கள் போதா. பாரிசு நகரக் கழகத்தில் 1992 முதல் மூன்றாண்டு ஆடி, பிரான்சின் சம்பியன் பட்டத்தை ஒரு முறையும் கிண்ணத்தை இரு முறையும் வென்றார். 1995இல் இத்தாலியின் மிலான் கழகத்தை அடைந்தார். அவ்வாண்டே ஐரோப்பாவின் பொற்பந்துப் பரிசு அவருக்குக் கிட்டியது. இப்பரிசின் வரலாற்றை இளைஞர் அறிதல் நன்று. 1994 வரை அதனை ஐரோப்பிய நாட்டினர்க்கு மட்டுமே வழங்கினர். இத்தாலியின் நெப்போலிக் கழகத்துக்கு ஆடிய ஆர்ஜென்ரீனராகிய மரடோனா, தமது ஆட்டத்தின் உச்சநிலையிலும் அதற்குப் போட்டியிட இயலாதிருந்தார். 1995இல் அவ்விதி தளர்ந்தது. தளர்ந்த அவ்வாண்டிலேயே ஓர் ஆபிரிக்கர் அதனைக் கைக்கொண்டார். 2024 வரையில் வேறெந்த ஆபிரிக்க நாட்டு வீரரும் அதனைப் பெற்றிலர்.

அவர் ஆட்டத்திறனுக்கு ஒரு சான்று கூறுவோம். 1996ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆந் திகதி மிலான் நகரில் வெரோனா அணியுடன் ஆட்டம். எதிரணியினர் மூலையிலிருந்து உதைத்த பந்து வியாவின் சொந்தக் கோல் எல்லைக்குள் அவர் காலடிக்கு வந்தது. ஏனையோராயின் பந்தைத் தூர உதைத்து ஆபத்தை நீக்கியிருப்பர். வியாவோ அங்கிருந்தே ஓடத் தொடங்கினார். ஒருவர் பின் ஒருவராய் மறித்தாரைக் கடந்து, மைதானத்தின் முழுநீளமும் ஓடி, மறுமுனையிலே கோல் போட்டார். அந்த ஆட்டத்தின் படம் இன்றும் கிடைக்கின்றது. எம் மாணவர் கண்டிருப்பர். கண்டவர் அவர் காலை நோக்கியிருப்பர். அவர் தலை நிமிர்ந்திருப்பதையும் நோக்குமாறு வேண்டுகின்றோம். பந்தை மட்டும் பார்த்து ஓடுபவன் நடுக்கோட்டைத் தாண்டான்.

இனி, கடல் கடந்து பொருளீட்டியவர் ஊருக்கு என் செய்தார் என்னும் வினா. 1989இன் இறுதியில் லைபீரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அரசாங்கமே நிலைகுலைந்தவிடத்து உதைபந்தாட்ட அணிக்கு யார் பணம் கொடுப்பர்? வியா தமது பணத்தால் அணியினர்க்கு உடையும் விமானச் சீட்டும் வாங்கினார். அவ்வணி 1996இல் முதன்முறையாக ஆபிரிக்கக் கிண்ணப் போட்டிக்குத் தகுதிபெற்றது. 2002ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்துக்கு ஒரேயொரு புள்ளியால் தகுதி இழந்தது. அந்த ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றுச் சென்ற அணி நைஜீரியா. அக்காலத்தில் ஆட்டக்காரரும் பயிற்றுநரும் பணம் கொடுப்பவரும் வியா ஒருவரே.

இவ்வரலாற்றைக் கேட்போர் இவ்விடத்தில் மெய்சிலிர்ப்பர். எமக்கோ இவ்விடத்திலேதான் கவலை தோன்றுகின்றது. 2002இல் இரண்டாம் முறையாக ஆபிரிக்கக் கிண்ணத்தில் ஆடிய லைபீரிய அணி, அவர் விலகிய பின் 2023ஆம் ஆண்டுப் போட்டி வரையில் அவ்வரங்கை மீண்டும் மிதிக்கவில்லை. போரும் வறுமையும் காரணங்களே, மறுப்பாரில்லை. ஆயினும் ஒருவருடைய பணப்பையின்மேல் நிறுத்தப்பட்ட அணி, அப்பை மூடப்பட்டதும் இருந்த இடத்துக்கே திரும்பியது என்பதும் உண்மையன்றோ? அவர் கொடைக்குக் குறைகூறுகின்றோமல்லேம். அக்கொடையைப் பெற்றுக்கொண்டு தமக்கென ஓர் ஒழுங்கை அமைக்காதிருந்தோரையே குறைகூறுகின்றோம்.

எம் பழைய மாணவர் இதனைத் தம்மேல் வைத்து எண்ணுவாராக. இலண்டனிலிருந்தும் தொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் கல்லூரிக்கு வரும் உதவி சிறிதன்று. கட்டடத்துக்குக் கொடுப்போர் பலர்; கல்லிற் பெயர் பொறிக்கப்படுதலை நாம் இகழ்வோமல்லேம்; யாம் கற்பிக்கும் வகுப்பறையின் கூரையும் அவ்வண்ணம் வந்ததே. ஆனால் மைதானத்துப் புல்லை வெட்டுவோன் கூலியும், பயிற்றுநரின் மாதச் சம்பளமும், சப்பாத்து வாங்க வழியற்ற பிள்ளையின் சப்பாத்தும் எக்கல்லிலும் பொறிக்கத்தக்கனவல்ல. ஆதலின் அவற்றுக்குக் கொடுப்பார் அரியர். ஒருவர் ஒருமுறை தரும் பெருந்தொகையினும், நூற்றுவர் ஆண்டுதோறுந் தரும் சிறுதொகையே மைதானத்தைக் காக்கும் என்பது எமது துணிபு.

வியாவின் கல்வியைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ஆசிரியராயிருந்து அதனைக் கூறாது விடல் எமக்கு இயலாது. 2005இல் அவர் சனாதிபதித் தேர்தலில் நின்றார். முதற்சுற்றில் முன்னணியில் நின்றவர், இரண்டாஞ் சுற்றில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திற் பயின்ற எலன் ஜோன்சன் சேர்லீவ் அம்மையாரிடம் தோற்றார். பள்ளிப்படிப்பு முடியாதவர் நாடாளலாமோ என்று எதிர்த்தரப்பினர் எள்ளினர். படித்தவர்களே நாட்டைப் போருக்குள் தள்ளினர் என்று இவர் தரப்பினர் விடையிறுத்தனர். இவ்வழக்கில் இருதிறத்தார்க்கும் எம் வாக்கு இல்லை. யாம் மதிப்பது பின்னர் அவர் செய்ததையே. உலகப்புகழ் பெற்றவர், தோல்விக்குப் பின் பள்ளித் தேர்வை முடித்தார். அமெரிக்காவிலே வணிக நிருவாகம் பயின்று, நாற்பதைக் கடந்த வயதிற் பட்டம் பெற்றார். அந்த வயதிற் பாடப்புத்தகத்தைக் கையிலெடுப்பது எத்துணை நாணத்தைத் தருமென்பதை, மணமான பின் பரீட்சைக்கு அமர்ந்தோர் அறிவர்.

2014இல் செனற் சபைக்குத் தெரிவானார். 2017இன் இறுதியிற் சனாதிபதித் தேர்தலில் வென்று 2018 சனவரியிற் பதவியேற்றார். ஆட்சி அவருக்கு மைதானம்போல் எளிதாய் அமையவில்லை. விலைவாசியும் ஊழல் முறைப்பாடுகளும் மக்களை வருத்தின. பட்டம் அதற்கு மருந்தாகவில்லை. 2023இல் ஜோசப் பொவக்காயிடம் மிகச் சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றபொழுது, இறுதி முடிவு வெளிவருமுன்னரே தொலைபேசியில் அவரை வாழ்த்தித் தோல்வியை ஏற்றார். போரால் அழிந்த நாட்டில் இஃது அவர் போட்ட கோல்களுள் சிறந்ததென்போம்.

வியா உலகக் கிண்ணத்தில் ஒருபொழுதும் ஆடியவரல்லர். அவர் மகன் ரிமொதி வியா நியூயோர்க்கிற் பிறந்தவர். 2022இல் கட்டாரிலே உலகக் கிண்ணத்தில் வேல்சு நாட்டுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். ஆனால் அவர் அணிந்திருந்தது அமெரிக்க உடை. சனாதிபதியாயிருந்த தந்தையார் அங்கு சென்று கண்டார். அவ்வேளை ஒரு மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாமைக்காக ஊரில் வசையும் பெற்றார். இதனை வாசிக்கும் பழைய மாணவர் பலரின் பிள்ளைகளும் பிறநாட்டு உடையையே அணிவர். அப்பிள்ளைகளை நோக்கி எம் மைதானத்துக்கு வாருங்கள் என்று இரங்குவதினும், இங்கு இன்று ஓடுகின்ற பிள்ளைகளுக்கு வழி செய்வது நலம்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, மைதானப் பராமரிப்புக்கென ஆண்டுச் சந்தா. மற்றையது, ஆட்டத்துக்காகவோ பிழைப்புக்காகவோ படிப்பை இடைநடுவில் விட்ட முன்னாள் மாணவர், எவ்வயதினராயினும், மாலையில் வந்து பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதற்கு ஒரு வகுப்பறையும் இரண்டு விளக்குகளும். தமிழ்ப் பாடத்தை யாம் ஊதியமின்றிக் கற்பிப்போம். கணித ஆசிரியரையும் கேட்டுள்ளோம். அவர் இன்னும் விடை கூறவில்லை.