பிரசங்கத்தில் வெட்டப்பட்ட இரண்டு பத்திகள்

கடந்த ஆண்டு வாலிபர் ஞாயிறு அன்று செய்தி கொடுக்கும்படி எங்கள் சபையில் என்னைக் கேட்டார்கள். சத்தியமங்கலத்தில் பிறந்து, அதே சபையின் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்து வளர்ந்தவன் நான். இப்போது கோவையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 'படிச்ச பையன்' என்ற கணக்கில் அழைத்தார்கள். பேசப் போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பத்திகள் பேனாவால் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தன.

ஒரு பத்தி, 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்து 17 தலித்துகள் இறந்ததைப் பற்றியது. இன்னொன்று சாதிச் சான்றிதழைப் பற்றியது.

"இதெல்லாம் வேண்டாமுங்க தம்பி, அரசியலாப் போயிரும். பசங்களுக்கு ஆவிக்குரியதா நாலு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார் கமிட்டிப் பெரியவர். அவர் கெட்ட மனிதர் அல்ல. என் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒருமுறை உதவியவர். சாதி வெறியர் ஒருவர் அடித்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். நல்லவர்கள் அன்போடு அடிக்கும்போதுதான் நாம் தலையாட்டிவிடுகிறோம். நானும் தலையாட்டினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் சபைகளில் ஒரு பிரசங்கம் எப்படித் தயாராகிறது என்று முதலில் பார்ப்போம். அல்மனாக்கில் அந்த ஞாயிறுக்கான தலைப்பும் வேதபாடங்களும் இருக்கும். அதற்கு மூன்று குறிப்புகள். ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் உதாரணக் கதை. கதைக்கு அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ அச்சான ஒரு தொகுப்பு இருக்கிறது. இப்போது யூடியூபும் இருக்கிறது. அதனால்தான் சத்தியில் உட்கார்ந்துகொண்டு பனிப்புயலில் சிக்கிய மலையேறியின் கதையையும், கலங்கரை விளக்கக் காவலாளியின் கதையையும் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். எங்கள் சபையில் பாதிப் பெண்கள் விடியும் முன்னே மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறவர்கள். ஆராதனைக்குத் தாமதமாக வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். 'தேவனுடைய சமுகத்துக்கு நேரத்தோடு வாருங்கள்' என்று அவர்களுக்குப் பல பிரசங்கங்கள் கேட்கக் கிடைத்திருக்கின்றன. கூலி பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

நடூர் சுவர் விழுந்தது ஒரு திங்கட்கிழமை. அடுத்த ஞாயிறு, டிசம்பர் 8, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. நான் அன்று ஆலயத்தில் இருந்தேன். பவானி ஆறு மேட்டுப்பாளையத்தைத் தொட்டுவிட்டுத்தான் எங்கள் ஊருக்கு வருகிறது. செய்தி வர அதைவிடவா நேரமாகும்? பிரசங்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. பொது ஜெபத்திலும் இல்லை. கேரல் ரவுண்ட்ஸ் எந்தத் தெருவில் தொடங்கும் என்ற அறிவிப்பு மட்டும் இருந்தது. பிரிவினையாக நின்ற நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்கிறது எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம். சுவர் விழுந்து 17 பேர் செத்த வாரத்தில்கூட அந்த அதிகாரம் நினைவுக்கு வராத பிரசங்கி, அதை எதற்குப் படித்தார்?

இளைஞர் கூட்டம் என்றால் இன்னும் மோசம். செல்போன், சினிமா, உடை, காதல். காதல் என்றதும் எபேசியர் ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனம் வந்துவிடும்: பெற்றோருக்குக் கீழ்ப்படிதல். 2015இல் கோகுல்ராஜ், 2016இல் உடுமலை சங்கர் என்று காதலுக்காக இளைஞர்கள் வெட்டிக் கொல்லப்பட்ட கொங்கு மண்ணில், அந்த வசனத்தை எந்த விளக்கமும் இல்லாமல் இருபது வயதுப் பிள்ளைகளிடம் சொல்வது அப்பாவித்தனமான காரியமா? பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மார்களுக்குச் சொல்லும் நான்காம் வசனம் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அது ஏன் வாலிபர் கூட்டத்துக்கு வருவதே இல்லை? கிறிஸ்தவ மணமக்கள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். 'இரட்சிக்கப்பட்ட' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கும். இந்த அகமணத்துக்கு ஆசி வழங்குவதும் அதே பீடம்தான்.

இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் ராபர்ட் தெ நோபிலி பார்ப்பன சந்நியாசியாகவே வாழ்ந்து காட்டினார். உயர்சாதியினருக்கு ஒரு வகைத் துறவி, ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பண்டாரசாமி என்று மதுரை மிஷன் இரண்டாகப் பிரிந்து வேலை செய்தது. சீர்திருத்த சபைகள் இதற்கு மேல் ஒழுங்கா? தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் தனித்தனி இருக்கை, திருவிருந்தில் தனித்தனி வரிசை. அதை ஒழிக்க முயன்ற புதிய மிஷனரிகளை எதிர்த்து 1829இல் எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதிப் பாகுபாட்டைக் கைவிடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியபோது, ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைக் கைவிட்டார்களே தவிர சாதியைக் கைவிடவில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய ஆலயத்துக்கு இரண்டு கைகள், நடுவே சுவர். 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் தலித்துகளைப் பிரித்து வைக்க ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்டதில் 2008 மார்ச்சில் வன்முறை வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று தானே ஒப்புக்கொண்டது. ஆயர்களே ஒப்புக்கொண்டதை ஒரு வாலிபன் சொன்னால் அது அரசியல் ஆகிவிடுகிறது.

இப்போது அந்த இரண்டாவது பத்திக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் அப்போஸ்தலர் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் அனனியா, சப்பீராள் கதையை எடுத்தார். பொய் சொன்னதற்காக விழுந்து செத்த கணவன் மனைவி. கதையைச் சொல்லிவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவன், தாசில்தார் ஆபீசில் இந்துவா?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையைக் குனிந்தார்கள். அவர்கள் எல்லோரும் அருந்ததியர்கள்.

கூட்டம் முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் என்னிடம் வந்து கேட்டாள்: "அண்ணா, என் சர்டிபிகேட் பாவமா?"

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் அந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் வெளியே நிற்கிறார்கள். 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் சரி என்றது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே நீக்கச் சொன்னது; ஒன்றிய அரசு நீக்கவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் எத்தனை தலைமுறை ஆனாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைக்கப்படுகிறார். 2009இல் அருந்ததியருக்குக் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஞானஸ்நானம் எடுத்த அருந்ததியருக்குக் கிடையாது.

என் சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். என் பாட்டி ஞானஸ்நானம் எடுத்த பிறகும் பண்ணாடி தோட்டத்தில் கொட்டாங்குச்சியில்தான் தண்ணீர் குடித்தார். சாதி அவரை விடவில்லை. அரசாங்கத்துக்கு மட்டும் அவர் சாதி தெரியாமல் போனது. ஆக, பொய் சொல்வது யார்? மதம் மாறினால் தீண்டாமை போய்விடும் என்று எழுதி வைத்திருக்கும் சட்டமா, பிள்ளையைப் படிக்க வைக்கப் போராடும் ஒரு துப்புரவுத் தொழிலாளியா? அனனியா கதையில் அவர்கள் மறைத்தது தங்கள் கைவசம் இருந்த பணத்தை. எங்கள் ஆட்கள் மறைப்பது ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நிற்பதை. இரண்டையும் ஒன்றாக்குகிற பிரசங்கி, பிலாத்துவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு சொல்கிறார்.

'பிரசங்க பீடம் அரசியலுக்கு அல்ல' என்பவர்களுக்கு வேதத்திலிருந்தே பதில் சொல்லலாம். நாசரேத்தில் இயேசு செய்த பிரசங்கம் லூக்கா நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒடுக்கப்பட்டோரின் விடுதலையைப் பேசினார். பேசி முடிப்பதற்குள் சொந்த ஊர்க்காரர்களே மலை உச்சியிலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனார்கள். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல், பேதுருவை எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கிறார். எதற்கு? புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், தன் ஆட்கள் வந்ததும் எழுந்து போய்விட்டார். சாப்பாட்டுப் பந்திச் சண்டை அது! தனிப் பந்தியும் இரட்டைக் குவளையும் தெரிந்த நமக்கு அந்த அதிகாரத்தை யாராவது விளக்க வேண்டுமா? பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்மாட்டில் இடம் என்று யாக்கோபு இரண்டாம் அதிகாரம் திட்டுகிறது. இவற்றை விட்டுவிட்டு மற்றதைப் பேசுவதுதான் அரசியல். ஆதிக்கச் சாதியின் அரசியல்.

எல் சால்வடோரில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, அந்தந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்களின் விவரங்களை ஞாயிறு மறையுரையில் வாசித்தார். வானொலி வழியே நாடு கேட்டது. 1980 மார்ச் 24 அன்று திருப்பலி மேடையிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஒரு பிரசங்கத்துக்கு எவ்வளவு சக்தி உண்டு என்று கொலைகாரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

தோழர்கள் சிலர் வேறு கேள்வி கேட்பார்கள். 'அம்பேத்கரே கிறிஸ்தவ சபைகளின் சாதியைக் கண்டித்து எழுதினார், 1956இல் பௌத்தம் ஏற்றார். நீ ஏன் அங்கே மல்லுக்கட்டுகிறாய்?' நியாயமான கேள்வி. ஆனால் என் சித்தியும் மாமாவும் அங்கேதான் இருக்கிறார்கள். வாரம் முழுக்க யார் வாயிலிருந்தும் மரியாதையாக ஒரு சொல் கேட்காதவர்கள் குளித்து, வெள்ளை உடுத்தி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் ஒரே மேடை அது. எந்த இயக்கத்துக்கும் வாரம் தவறாமல் அப்படியொரு கூட்டம் கூடுவதில்லை. அந்த ஒலிவாங்கியை விட்டுக்கொடுத்துவிட்டு எங்கே போய்ப் பேசுவது? 'சபையின் சாதியை வெளியே சொன்னால் இந்துத்துவவாதிகள் பயன்படுத்திக்கொள்வார்கள்' என்றும் எச்சரிக்கிறார்கள். அவர்களுக்கு ஆயுதம் கொடுத்தது சாதி பார்த்தவர்கள். சுட்டிக்காட்டியவர்கள் அல்ல.

வழியும் புதிதல்ல. 1981இலேயே அர்விந்த் நிர்மல் பெங்களூரில் தலித் இறையியலுக்கு விதை போட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்ற தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்பதையே இறையியல் ஆக்கினார். பறையையும் கிராமிய இசையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அங்கே படித்துவிட்டு வரும் ஆயர்கள் சேகரத்துக்கு வந்ததும் ஏன் பனிப்புயல் கதைக்குத் திரும்புகிறார்கள்? 'ஐயர்' என்று அழைக்கப்படும் சுகம் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சபையில் பேச வாய்ப்புக் கிடைக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். தயாரிப்பை உதாரணப் புத்தகத்திலிருந்து தொடங்காதீர்கள். அந்த வாரம் உங்கள் சபையாரில் யாருக்கு என்ன நடந்தது என்று நாலு வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வேதத்தைத் திறங்கள். ஆலயத்தின் கழிப்பறையை யார் கழுவுகிறார்கள், கமிட்டியில் யார் உட்காருகிறார்கள் என்று கணக்கெடுங்கள். நவம்பர் இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறாக அனுசரிக்கச் சபை மன்றங்களே அழைப்பு விடுக்கின்றன. உங்கள் சபையில் ஏன் இல்லை என்று எழுத்து மூலம் கேளுங்கள். டிசம்பர் 25க்குச் செய்தி தயாரிக்கிறீர்களா? 1927இல் அதே நாளில் மகாடில் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்தார். 1968இல் அதே நாள் இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தின் கதையை, கூலி கேட்டதற்காகக் குழந்தைகளோடு எரிக்கப்பட்டவர்களின் நாளில், அவர்கள் பெயரைச் சொல்லாமல் எப்படிப் பேசுகிறோம்?

கடைசியாக ஒன்று. வாலிபர் ஞாயிறு அன்று நான் அந்த இரண்டு பத்திகளையும் வாசிக்கவில்லை. நான்கு பக்கத்தோடு முடித்துக்கொண்டேன். எல்லோரும் கைகுலுக்கினார்கள், "நல்லா இருந்துச்சுங்க தம்பி" என்றார்கள். என்னிடம் சான்றிதழ் பற்றிக் கேட்ட பெண் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

என் கோழைத்தனத்துக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாரிடமும் முன்கூட்டிக் காட்டப் போவதில்லை.